உறை போடக்கூடாத வாள்

பின்னேரம் ஐந்தரை மணி. மார்கழியில் அந்த நேரத்துக்கே இந்தக் கனடாவில் கும்மிருட்டு... உங்களுக்குத் தெரியும். றிச்மண்ட் ஹில்லைத் தாண்டி லெஸ்லி றோட்டில் வடக்கே ஒரு கார் போகிறது. இப்போது அந்தப் பக்கம் வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொண்ணூற்று மூன்றில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் சோளம் வெட்டிய வயல். லைற் கிடையாது. முன்னுக்கும் வேறு கார் இல்லை, பின்னுக்கும் இல்லை. பனி மெல்ல மெல்ல விழுந்துகொண்டிருக்கிறது.

காருக்குள் இருந்தவர் இரத்தினவேல். என்னோடு வேலை செய்கிற வாகீசனின் அத்தான். அவனுடைய துர்க்கா அக்காவைக் கட்டியவர். இந்தக் கதையை எனக்குச் சொன்னது வாகீசன்தான். அவன் கதை விடுகிற ஆள் இல்லை. சொல்லும்போது என்னுடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

போர்வையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து இருங்கள். இந்தப் பனியில் எப்படியும் ஒருவரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை.

இரத்தினவேல் ஜப்பானில் உலோகவியல் படித்தவர். படிக்கப் போன இடத்தில் அவருக்குப் பிடித்துக்கொண்டது அந்த நாட்டு வாள். வாள் சுழற்றுவதல்ல, பார்ப்பது. எந்தக் காலத்தில் அடித்தது, எந்த ஊர்ப் பட்டறை, எந்தக் கை என்று பார்த்துச் சொல்வது. அங்கே அதற்கென்றே ஆட்கள் கூடுவார்களாம். ஒரு வாளை வைத்து, ஒவ்வொருவராகப் பார்த்து, பேசாமல் எழுதிக் கொடுப்பார்களாம். இவர் அதில் பல தடவை சரியாகச் சொல்லியிருக்கிறார். கனடாவுக்கு வந்து உலோகம் பரிசோதிக்கும் ஒரு லாப்பில் வேலை எடுத்தார். மில்லிக்கனில் வீடு. மனைவி துர்க்கா. ஒரே பிள்ளை சுபாங்கி, ஆறு வயது.

டவுன்ரவுணில் ஒரு ஏல நிறுவனம் இருந்தது. சண்டைக்குப் போய் வந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் சாகச் சாக, அவர்களுடைய வீடுகளிலிருந்து ஜப்பானிய வாள்கள் வரும். அநேகமானவை தொழிற்சாலையில் அடித்த மலிவு இரும்பு. எது நல்லது, எது குப்பை என்று பார்க்க இரத்தினவேலைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் போனார்.

றோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தனியாக ஒரு செங்கல் வீடு. கதவைத் திறந்தவள் மிஸிஸ் டன்லப் என்ற கிழவி. புருஷன் வால்ற்றர் இலையுதிர்காலத்தில் செத்துப்போனவர். வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. முதலில் கேட்டது இதுதான்.

“உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?”

“ஒரு மகள். ஆறு வயது.”

கிழவி கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“அப்படியென்றால் இங்கேயே பாருங்கள். கொண்டுபோக வேண்டாம்.”

வாள் கீழே, பேஸ்மென்ற்றில். ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, தலைக்கு மேலே ஒரு பல்ப். மேசையில் துணித்துண்டுகள். அந்த இடம் முழுக்கக் கராம்பு வாசம்... பல்லுக்குத்துக்கு வைக்கிற கராம்பு எண்ணெய் வாசம். அந்த நாட்டில் வாளுக்குத் துருப் பிடிக்காமல் பூசுவது அந்த எண்ணெய்தான். சுவரே அதை உறிஞ்சி வைத்திருந்தது போல மணந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்து மடித்து உதடுகளுக்கு நடுவே கவ்வினார். அது அந்தத் தொழிலின் ஒழுங்கு. வாளுக்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது. மூச்சுப் பட்டால் ஈரம், ஈரம் பட்டால் துரு. வாளை நோக்கி ஒரு தடவை தலை குனிந்தார். கூர் மேலே பார்க்கிற மாதிரிப் பிடித்து, மர உறையிலிருந்து உருவினார்.

சத்தமே வரவில்லை. நல்ல வாள் அப்படித்தான், உறையைத் தொடாமல் வரும்.

முதலில் அதன் வளைவைப் பார்த்தார். இடுப்புப் பக்கம் ஆழமாக வளைந்து, நுனிக்குப் போகப் போக நேராகி... அதைப் பார்த்த உடனேயே அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதாம். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். கைப்பிடிக்குள் மறைந்திருக்கிற அடிப்பகுதியை ஒருநாளும் மினுக்க மாட்டார்கள், அதன் துருதான் வாளின் வயது. இதில் துரு கருஞ்சாக்லேற் நிறத்தில், விரலுக்கு எண்ணெய் மாதிரி வழுவழு என்று இருந்தது. அறுநூறு வருசத்துத் துரு. யாரோ பிற்காலத்தில் நீளத்தைக் குறைத்து வெட்டியிருந்தபடியால் செய்தவனின் பெயர் போய்விட்டது. பெயர் இல்லை. கையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பல்புக்கு நேரே வாளை நீட்டிச் சரித்தார். இரும்பை மடித்து மடித்து அடித்த ரேகை தெரிந்தது... மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி, ஆனால் மயிரளவு நுட்பம். கூர்ப்பக்கம் ஓடுகிற வெள்ளைக்கோடு தெரிந்தது. களிமண் பூசி, சிவக்கக் காய்ச்சி, தண்ணீருக்குள் இறக்கும்போது பிறக்கிற கோடு அது. ஹாமொன் என்பார்கள். விடியப்புறம் கடலுக்கு மேலே மூடுபனியாய் நிற்கிற புகார் மாதிரி நின்றதாம். இவ்வளவு வாள் பார்த்த மனுசன், கண் கலங்கி நின்றார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே இப்படி ஒன்றை அவர் கையில் பிடித்ததேயில்லை.

ஒரே ஒரு குறை. நடுவில், கூருக்குக் கிட்ட, ஒரு குற்றிக்காசு அளவு இடம் தேய்ந்து குழிந்திருந்தது. கோயில் படிக்கல்லு தேயுமே, அந்த மாதிரி. வருசக்கணக்காக யாரோ அந்த ஒரு இடத்தை மட்டும் துடைத்துத் துடைத்துத் தேய்த்திருக்கிறார்கள். ஏனென்று அவருக்கு விளங்கவில்லை.

பகல் வெளிச்சத்திலும் தன்னுடைய லாம்பிலும் பார்க்க வேண்டும், ஒரு கிழமையில் திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். கிழவி வேண்டாம் என்றாள். திரும்பவும் கேட்டார். படியேறி மேலே வந்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டும் கேட்டார். கடைசியில் அவள் களைத்துப்போன குரலில் சொன்னாள்.

“சரி, கொண்டுபோங்கள். பிள்ளையைக் கிட்ட விடாதீர்கள்.”

கூர் அல்லவா, அதற்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார்.

வீட்டில் சாப்பாடு முடிந்ததும் பேஸ்மென்ற்றுக்குப் போய் லாம்பைப் போட்டு, தாளைக் கவ்விக்கொண்டு, வாளை உருவினார். சுபாங்கி படியிறங்கி வந்தது அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து கிட்டப் பார்த்திருக்கிறாள். கண்ணாடி போல மினுங்குகிறது, அதற்குள் தன் முகம் தெரிகிறது. பனிக்காலத்தில் பிள்ளைகள் பஸ் யன்னலில் என்ன செய்வார்கள்... அதைத்தான் செய்தாள்.

“ஹா...”

இரும்பில் ஒரு வெள்ளைப் புகார் படிந்தது. தேய்ந்த குழிக்குப் பக்கத்தில்.

அவர் தாளைத் துப்பிவிட்டு ஏசினார். புதுத் தாள் ஒன்றைக் கவ்விக்கொண்டு துணியால் துடைத்தார். பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேலே படுக்கப் போய்விட்டாள்.

துடைத்த இடத்தில் மறுபடியும் புகார்.

கூதலில் கிடந்த இரும்பு சூடான அறைக்கு வந்தால் வேர்க்கும். அவர் அறிந்த விசயம்தான். ஆனால் வேர்த்தால் முழு வாளும் வேர்க்க வேண்டும். இது ஒரே ஒரு இடம். படிகிறது... மறைகிறது... படிகிறது... மறைகிறது. அவருடைய வாயில் தாள். அறையில் வேறு ஆள் இல்லை.

மேலே பிள்ளையின் அறைக்கு ஹீற் போகிற குழாய் அந்த மேசைக்கு மேலேதான் போனது. அதற்குள்ளால் மேல்வீட்டுச் சத்தம் வரும். சுபாங்கி நித்திரை கொள்கிற மூச்சு கேட்டது. அவள் மூச்சை விட, இங்கே புகார் படிந்தது. அவள் இழுக்க, மறைந்தது.

வாளை உறைக்குள் போட்டார்.

குழாயில் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் அப்படியே... பிறகு துர்க்காவின் குரல். “இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ, பிள்ளை மூச்சு விடுறாளில்லை.”

வாளைக் கையில் பிடித்தபடியே ஓடினார். கட்டிலில் பிள்ளை வாயைத் திறந்தபடி கிடந்தாள், உதடு நீலம். அவர் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். விழுந்த வேகத்தில் உறை கழன்று உருண்டது. வாள் கார்ப்பெற்றில் வெறுமையாகக் கிடந்தது.

பிள்ளை இழுத்து ஒரு மூச்சு விட்டாள்.

ஆசுப்பத்திரியில் தொய்வு வருத்தம், மூச்சிழுப்பு என்றார்கள். வாய்க்குள் அடிக்கிற பம்ப் கொடுத்து அனுப்பினார்கள்.

இரத்தினவேல் அதற்குப் பிறகு வாளை மூடவில்லை. பேஸ்மென்ற்றில் ஒரு துணியை விரித்து அதன் மேல் வைத்தார். ஆனால் திறந்து கிடக்கிற இரும்பில் ஓயாமல் மூச்சுப் பட்டால் என்ன ஆகும்... அடுத்தடுத்த நாள் அந்த இடத்தில் ஊசிமுனை அளவு செம்புள்ளி ஒன்று வந்தது. அன்றைக்குப் பிள்ளைக்கு இழுப்பு. பம்ப் அடித்தும் நிற்கவில்லை. அவர் கீழே போய், கல்லை அரைத்த நுண்ணிய மாவால் அந்தப் புள்ளியைத் தட்டித் தட்டி எடுத்து, கராம்பு எண்ணெய் பூசினார். மேலே பிள்ளை கார்ட்டூனுக்குச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அதன்பின் வேலையால் வந்தால் கீழே. சாப்பிட்டால் கீழே. துர்க்கா ஆரம்பத்தில் நம்பவில்லை. மனுசனுக்கு வாள் விசர் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அருச்சனை செய்தாள். நூல் கட்டினாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம், கீழே இறங்கி வந்தாள்.

“உந்த இரும்பைப் பாத்துக்கொண்டே கிடக்கப்போறியளோ? வீட்டில ஒரு பிள்ளை இருக்கு எண்ட எண்ணம் இருக்கோ?”

“துர்க்கா, அதைத் தொடாத.”

“தொட்டால் என்ன?”

“சொல்லுறன், தொடாத.”

அவள் வாளையும் உறையையும் எடுத்தாள். அவர் எழும்பி வருவதற்குள் மூடினாள்.

சுபாங்கி மேல்படியில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தவள். அவள் கையில் இருந்த வண்ணக்கட்டி நழுவியது. டொக்... டொக்... டொக்... ஒவ்வொரு படியாக உருண்டு வந்து துர்க்காவின் காலடியில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை இருந்தபடியே இருந்தாள். வாய் திறந்திருந்தது. தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு மட்டும் அசையவில்லை.

துர்க்கா உருவிய வேகத்தில் அவளுடைய உள்ளங்கை வெட்டுப்பட்டது. அந்தத் தழும்பை வாகீசன் கண்டிருக்கிறான். அதற்குப் பிறகு அந்த வாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கராம்பு எண்ணெய் முடிய முடிய வாங்கி வைப்பது அவள்தான்.

அதற்கு அடுத்த நாள் இரத்தினவேல் கிழவியிடம் போனார். வாளை வீட்டிலேயே விட்டு, துர்க்காவைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். கிழவி கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள். விலகி வழி விட்டாள்.

“ஊதினாளா?” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

கிழவி இருந்து சொன்னாள். வால்ற்றர் அதை எங்கே எடுத்தான் என்று அவளுக்குத் தெரியாது. சண்டைக் காலத்தில் ஹொங்கொங்கில் ஜப்பான்காரரிடம் சிறையிருந்து வந்தவன், அதைப் பற்றிப் பேச மாட்டான். அவர்களுடைய மகன் பீற்றர் நாலு வயதில் அதில் ஊதினான், யன்னலில் ஊதுகிற மாதிரி. அன்றிலிருந்து வால்ற்றர் வெளியூர் போனதில்லை. ஒரு மீன்பிடிப் பயணம்கூட இல்லை. அவள் அதைச் சண்டையில் கெட்ட மூளை என்றுதான் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தாள். பீற்றர் வளர்ந்தான், கலியாணம் கட்டினான், பிள்ளைகள் பெற்றான்.

“வால்ற்றரை அடக்கம் செய்த அன்று ஆட்கள் வருவார்கள் என்று வீட்டை ஒதுக்கினேன்” என்றாள். “கீழேயும் போய் ஒதுக்கினேன். வாளை உறையில் போட்டேன். பீற்றர் வாசலில் காரை நிற்பாட்டிக்கொண்டிருந்தான். ஹோர்ண் அடிக்கிற சத்தம் கேட்டது. விடாமல் அடித்தது. அவன் தலை அதன் மேலே கிடந்தது.”

இரத்தினவேலுக்குக் கோபம் வரவில்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தெரிந்துகொண்டு ஏன் தந்தீர்கள்?”

கிழவி யன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு அது வீட்டை விட்டுப் போனால் போதும் என்று ஆகிவிட்டது.”

திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவள் எடுத்தாலும், எத்தனை நாளைக்கு உயிரோடிருந்து துடைப்பாள்... பிறகு யாராவது வந்து வீட்டை ஒதுக்குவார்கள். ஒரு நூதனசாலைக்குக் கொடுத்தால் பெட்டியில் வைப்பார்கள். எண்ணெய் பூசி உறையில் போடுவார்கள். அதுதானே முறை.

வருசங்கள் ஓடின. சுபாங்கிக்கு ஒரு குறையுமில்லை. ஸ்கூலில் ஓட்டப்போட்டியில் ஓடினாள், நீந்தினாள். அவளுக்கு எதுவுமே தெரியாது. அப்பா கீழே ஏதோ ஆராய்ச்சி செய்கிறார், வாளைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். தெரிந்தவர்கள் எல்லாம் மில்லிக்கனில் வீட்டை விற்று அஜக்ஸுக்குப் போய்ப் பெரிய வீடு வாங்கினார்கள். இவர்கள் போகவில்லை. வாளைத் திறந்தபடி காரில் ஏற்றி 401 நெடுஞ்சாலையில் கொண்டுபோக இரத்தினவேல் சம்மதிக்கவில்லை. ஊருக்கும் போகவில்லை. தாய் செத்ததற்கும் போகவில்லை.

துடைத்தால் துரு வராது. ஆனால் துடைக்கத் துடைக்க இரும்பு தேயும். உலோகம் படித்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா... அந்த வாள்களில் கடினமான இரும்பு வெளியே ஒரு தோல் மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. தோல் போனால் அந்த வாள் முடிந்தது. வாகீசனிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

“அவளின்ர வயசையும் இந்த இரும்பின்ர தடிப்பையும் கணக்குப் பாத்தன், வாகீசன். இரும்பு அவ்வளவு காலத்துக்குக் காணாது.”

துணியை மடித்துத் திரும்பவும் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு சீனி வருத்தம் வந்தது. அது கண்ணுக்குப் போனது. இரண்டு தடவை லேசர் பிடித்தும் பார்வை நிற்கவில்லை. வேலை போய்விட்டது. புகார் படிகிறதா, புள்ளி வந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியாமல் போனது. அன்றிலிருந்து வாகீசன் வேலை முடிந்ததும் நேரே அங்கே போவான். அத்தானுக்குக் கண்ணாக. தாளைக் கவ்விக்கொண்டு, வாளை லாம்புக்கு நேரே சரித்துப் பிடிக்கப் பழகினான். பார்த்துவிட்டு, தாளை எடுத்து, தள்ளி வந்து நின்று சொல்வான். இவ்வளவு காலமும் உலகத்து வாள்களை மதிப்பிட்டவர், கதிரையில் இருந்து முகத்தை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம். லாம்பு எரிந்துகொண்டிருந்தது. வாகீசன் வாளைச் சரித்தான். புகார் படிந்தது, மறைந்தது. மறைந்த இடத்தில், கூரிலிருந்து உள்நோக்கி, குறுக்கே ஒரு கோடு. ஒரு மயிர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தான். போகவில்லை. திருப்பிப் பார்த்தான். மறுபக்கமும் இருந்தது.

அத்தானிடம் இருந்து பழகியதில் அவனுக்கு அது என்னவென்று தெரியும். கூரில் குறுக்கே வெடிப்பு. துருவை எடுக்கலாம், கீறலை எடுக்கலாம். இதற்கு மருந்து இல்லை. இது வந்த வாளை அந்த நாட்டு ஆட்கள் கீழே வைத்துவிடுவார்கள். மதிப்புப் போடக்கூட மாட்டார்கள்.

“எப்பிடி இருக்கு?” என்று இரத்தினவேல் கேட்டார்.

வாகீசன் தாளை எடுத்தான். தள்ளி வந்து நின்றான்.

“நல்லா இருக்கு அத்தான்.”

“புள்ளி?”

“ஒண்டுமில்லை.”

“ஏன் நிண்டு நிண்டு சொல்லுறாய்?”

“இல்லை அத்தான். களைப்பு.”

இரத்தினவேல் துணியை மடியில் விரித்தார். பிறகு கையை நீட்டினார். வாகீசன் வாளை அவருடைய மடியில் வைத்தான். வைக்காமல் இருந்திருக்கலாம்... என்ன சொல்லி மறுப்பது. அவர் பெருவிரல் நகத்தைக் கூரின் அடியில் வைத்து, நுனியை நோக்கி மெல்ல இழுத்துக்கொண்டு போனார். சர்ர்ர் என்று ஒரு மெல்லிய சத்தம். மேலே குழாய்க்குள்ளால் சுபாங்கியின் குரல் வந்துகொண்டிருந்தது. யாரோ சிநேகிதியோடு ரெலிபோனில் கதைத்துக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நோ வே... பிறகு அவ என்ன சொன்னவ...”

நகம் வந்தது. வந்தது.

டிக்.

நகம் ஒரு இடத்தில் சிக்கி நின்றது.

மேலே சிரிப்பு பாதியில் நின்றது.

வாகீசன் அத்தானைப் பார்த்தான். அவர் விரலை அசைக்கவில்லை. பார்வை இல்லாத கண்கள் மேலே, குழாயைப் பார்த்தபடி.

விரலை மெல்லத் தூக்கினார்.

மேலே சுபாங்கி விட்ட இடத்திலிருந்து சிரித்தாள்.